அசல் காட்டுச் சரக்குக்கு ஆர்டர் கொடுப்பது எப்படி

பணம் இருக்கிறது. நாக்கு இருக்கிறது. கூடவே மனச்சாட்சி என்று ஒன்றும் இருந்து தொலைக்கிறது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தால் அவர் என்ன செய்வார்? இந்தோனேசியாவுக்கு எழுதி லுவாக் காப்பி வரவழைப்பார். அதிலும் சும்மா லுவாக் காப்பி அவருக்கு ஆகாது. "கூண்டில் அடைத்து எடுத்தது வேண்டவே வேண்டாம். காட்டில் தன் பாட்டுக்குத் திரிகிற மரநாய், தன் விருப்பப்படி தின்று, தன் விருப்பப்படி கழித்துவிட்டுப் போன கொட்டையாகப் பார்த்து அனுப்புங்கள்" என்று பத்தி பத்தியாக எழுதுவார். முகம் தெரியாத ஒரு பிராணி நிம்மதியாகக் கொல்லைக்குப் போக வேண்டுமே என்று கடல் தாண்டிக் கவலைப்படுகிற இந்த உள்ளத்தை என்னவென்று சொல்வது!

அந்த அன்பருக்குக் கைகொடுக்கத்தான் இந்தக் கட்டுரை. வாங்கும் வழிமுறையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

மரநாய் நமக்குத் தெரியாத பிராணியா என்ன? ஓட்டு வீட்டுப் பரணில் குடியிருக்கும். நடுராத்திரியில் உத்தரத்தின் மேல் ஓடி வீட்டையே எழுப்பும். பனையில் கட்டிய கலயத்தில் மூக்கை விட்டுக் கள்ளை ஒரு கை பார்த்துவிட்டு இறங்கும். கோழிக்கூட்டின் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்றால் அதையும் விடாது. நம்மூரில் அதற்குக் கிடைப்பது கல்லடி. அதே இனம் ஜாவாவிலும் சுமத்ராவிலும் பாலியிலும் லுவாக் என்ற பெயரில் திரிகிறது. அங்கே அதன் கழிவுக்கு மட்டும் ராஜ மரியாதை. இரண்டிலிருந்து ஐந்து கிலோவுக்குள் எடை, தனியாகத் திரியும் சுபாவம், பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க நடை. பழம், பூச்சி, எலி என்று கிடைத்ததைத் தின்னும். காப்பி பழுக்கிற மாதங்களில் தோட்டத்துக்குள் புகுந்து நன்றாகச் சிவந்த பழமாகப் பார்த்துத் தின்னும். சதை செரித்துவிடும், கொட்டை மேலுறையோடு அப்படியே வெளியே வந்து விழும். அதைப் பொறுக்கி, கழுவி, வெயிலில் உலர்த்தி, உறையை நீக்கி, 200 டிகிரிக்கு மேல் வறுத்தால் லுவாக் காப்பி தயார்.

இதில் அறிவியலும் உண்டு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து மாசிமோ மார்கோனே இந்தக் கொட்டைகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2004-இல் எழுதினார். மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் தெரிந்தன. செரிமானச் சாறு உள்ளே இறங்கிப் புரதங்களை உடைத்திருந்தது. புரதம் உடைந்தால் வறுக்கும்போது கசப்பு குறையலாம். அவ்வளவுதான். கசப்பைக் குறைக்க நம் பாட்டிமார் கையாண்ட உபாயம் இன்னும் மலிவு: பாலும் சர்க்கரையும். காப்பியை உறிஞ்சி மதிப்பெண் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களில் பலர் லுவாக்கைச் சுமாரான காப்பி என்று ஒதுக்கிவிட்டார்கள். அதனால் என்ன? நம் அன்பர் காப்பி வாங்க வரவில்லை, கதை வாங்க வந்திருக்கிறார்.

கதை நல்ல கதைதான். பொட்டலத்தின் பின்புறத்திலேயே அச்சடித்திருப்பார்கள். டச்சுக்காரர் காலத்தில் தோட்டத்து ஜனங்கள் தாங்கள் விளைவித்த காப்பியைப் பறித்துக் குடிக்கத் தடை இருந்ததாம். ஆசையை அடக்க முடியாத ஏழைகள் மரநாய் போட்டதைப் பொறுக்கிக் கழுவி வறுத்துக் குடித்தார்களாம். அடடா, அது அமிர்தமாக இருந்ததாம். விஷயம் கேள்விப்பட்டுத் துரைமார்களும் சொக்கிப் போனார்களாம். சுபம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1696-இல் மலபார்க் கரையிலிருந்து ஜாவாவுக்குக் காப்பி நாற்று போனது. முதலில் போனது வெள்ளத்தில் அழிய, 1699-இல் மறுபடி அனுப்பினார்கள். 1711-இல் ஜாவா காப்பி ஆம்ஸ்டர்டாமுக்குக் கப்பலேறிவிட்டது. 1830-இல் வான் டென் போஷ் என்ற கவர்னர் ஜெனரல் கட்டாயச் சாகுபடித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கிராமமும் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்க வேண்டும். ஏட்டில்தான் ஐந்தில் ஒன்று. நடப்பில் நிலமும் போனது, உழைப்பும் போனது. 1840களில் நடு ஜாவாவில் நெல் விளைகிற சீமையில் பஞ்சம் வந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நெதர்லாந்தின் கஜானா நிறைந்தது. எடுவார்ட் டௌவெஸ் டெக்கர் என்ற முன்னாள் காலனி அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. முல்டாடுலி என்ற புனைபெயரில் 1860-இல் 'மாக்ஸ் ஹவெலார்' நாவலை எழுதித் தன் நாட்டாரின் முகத்தில் விட்டெறிந்தார். அந்த நாவலின் முழுத் தலைப்பிலேயே டச்சு வர்த்தகக் கம்பெனியின் காப்பி ஏலம் இருக்கிறது.

ஆக, தான் விளைவித்ததைத் தான் குடிக்க முடியாமல் ஒரு மனுஷன் மலத்தைக் கிளறினான் என்பதுதான் பொட்டலத்துக் கதையின் சாரம். நடந்ததோ இல்லையோ, விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இதுதான். இதைப் 'பாரம்பரியம்' என்று தங்க எழுத்தில் அச்சிட்டு, பட்டு நாடா கட்டி, நூறு கிராம் பெட்டியில் விற்கிறோம். வாங்கியவர் விருந்தாளிகளுக்கு ஊற்றிக் கொடுத்துச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். போதிய வருஷம் ஊறவிட்டால் அடுத்தவன் பட்டினிக்கும் ஒரு மணம் வந்துவிடும் போலிருக்கிறது.

அப்புறம் நெடுங்காலம் வெளியூரில் இந்தக் காப்பியை யாரும் சீண்டவில்லை. 1991-இல் டோனி வைல்ட் என்ற ஆங்கிலேயக் காப்பி வியாபாரி ஒரே ஒரு கிலோவை விநோதப் பொருளாக இங்கிலாந்துக்குத் தருவித்தார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 1995-இல் அட்லாண்டாவைச் சேர்ந்த ஜான் மார்ட்டினெஸ் இதை விற்ற சாதனைக்காக இக் நோபல் பரிசு பெற்றார். பரிசு கேலிக்குக் கொடுத்தது. விலை நிஜமாகவே ஏறியது. 2007-இல் வந்த 'தி பக்கெட் லிஸ்ட்' படத்தில் கோடீஸ்வர நோயாளியாக வரும் ஜாக் நிக்கல்சன் இந்தக் காப்பியைப் பீற்றிக்கொள்ள, அது எங்கிருந்து வருகிறது என்பதை மார்கன் ஃப்ரீமன் போட்டு உடைக்க, தியேட்டர் சிரித்தது. சிரித்தவர்கள் வெளியே வந்து, எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். 2010-இல் இந்தோனேசிய ஜனாதிபதி யுதோயோனோ ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததும் இதுவே. அதே ஆண்டு இந்தோனேசிய உலமா சபை, நன்றாகக் கழுவினால் இது ஹலால்தான் என்று தீர்ப்புச் சொன்னது. கொட்டை சுத்தமா அசுத்தமா என்று மார்க்கம் கேட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றுலாப் பயணியும் கேட்டார். கழித்த பிராணி எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் ரொம்ப நாள் ஆளில்லை.

2013-இல் அதைக் கேட்டுக் கூப்பாடு போட்டவர் அதே டோனி வைல்ட். தான் திறந்துவிட்ட மதகைத் தானே மூட ஓடினார். அந்த ஆண்டே பி.பி.சி. நிருபர்கள் மொத்த வியாபாரிகளைப் போல வேஷம் போட்டுச் சுமத்ராவுக்குப் போனார்கள். காட்டுக் காப்பி என்று ஐரோப்பாவுக்குக் கிளம்புகிற சரக்கின் மறுமுனையில் அவர்கள் கண்டது காடு அல்ல, கம்பிக் கூண்டு.

அந்தக் கூண்டை அன்பருக்குக் கொஞ்சம் வர்ணித்தாக வேண்டும். வாங்குகிற பொருளின் பிறப்பிடம் தெரிய வேண்டாமா? சுவரும் கம்பி, கூரையும் கம்பி, தரையும் கம்பி. தரை கம்பியாக இருப்பதற்குக் காரணம் உண்டு: மலம் கீழே விழ வேண்டும், பொறுக்க வசதியாக. மண்ணிலும் மரத்திலும் நடக்கப் பிறந்த கால்கள் நாள் முழுக்கக் கம்பி மேல் நிற்கின்றன. பாதம் புண்ணாகிறது. தனியாக வாழும் விலங்கைப் பக்கத்துப் பக்கத்தில் அடைத்தால் ஒன்றையொன்று பார்த்துச் சீறியே ஓய்ந்துபோகிறது. எலியும் பூச்சியும் பழவகையும் தின்ற வயிற்றுக்கு இப்போது வேளாவேளைக்குக் காப்பிப் பழம். மயிர் உதிர்கிறது. கூண்டுக்குள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓயாமல் நடக்கிறது. தன் காலைத் தானே கடித்துக்கொள்கிறது. இதையெல்லாம் அந்தப் பிராணி செய்வது நாம் புத்துணர்ச்சியோடு காலைப் பொழுதைத் தொடங்குவதற்காக.

ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உலக விலங்குப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து பாலியில் 16 தோட்டங்களுக்குப் போய் 48 மரநாய்களைப் பார்த்து 2016-இல் அறிக்கை வெளியிட்டார்கள். கூண்டின் அளவு, தரை, குடிநீர், தீனி, ஒளிந்துகொள்ள இடம், பயணிகளின் இரைச்சல் என்று ஒவ்வொன்றாக மதிப்பிட்டார்கள். அடிப்படை நலத் தகுதியை முழுதாக எட்டிய தோட்டம் ஒன்றுகூட இல்லை. மரநாய்களில் சில எலும்பும் தோலுமாக இருந்தன. சில நடமாட இடமின்றி ஊதிப் போயிருந்தன.

இன்னொரு சங்கதி. 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது சீனத்தின் குவாங்டோங் சந்தைகளில் விற்ற மரநாய்க் குடும்பத்து விலங்கொன்றில் அந்தக் கிருமியைக் கண்டார்கள். 2004 ஜனவரியில் சுமார் 10,000 விலங்குகளைக் கொல்ல உத்தரவு போட்டார்கள். கூண்டுகளில் அடுக்கி வைத்த காட்டு விலங்கு என்ன செய்யும் என்று உலகம் அன்று நடுங்கியது. நடுக்கம் தீர்ந்ததும் அதே குடும்பத்தைக் கூண்டில் அடுக்கிக் காப்பி ஊட்டத் தொடங்கினோம். நமக்கு ஞாபகசக்தி குறைவு; காப்பி குடித்தால் தேறலாம்.

அன்பர் இதற்குள் பொறுமை இழந்திருப்பார். "இதனால்தானே ஐயா நான் காட்டுச் சரக்குக் கேட்கிறேன்!" என்பார். நியாயம். ஆர்டருக்கு வருவோம்.

மாதம் 100 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரமாதமான ஆர்டர் ஒன்றும் இல்லை. நாலு பெரிய ஹோட்டலுக்குப் போதும். ஒரு கிலோ வறுத்த கொட்டைக்கு ஆறேழு கிலோ பழம் தேவை. அப்படியானால் மாதம் 600, 700 கிலோ காப்பிப் பழத்தைக் காட்டு மரநாய்கள் தின்று தீர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று நான்கு கிலோ எடையுள்ள, தனித்தனியே திரிகிற பிராணி. காப்பி அதன் சாப்பாட்டில் ஒரு கூறுதான். பக்கத்தில் பப்பாளி பழுத்தால் காப்பியைத் திரும்பியும் பாராது. காப்பி பழுப்பது சில மாதம். அன்பருக்கோ பன்னிரண்டு மாதமும் சரக்கு வேண்டும். தின்றதை எந்த மேட்டில் எந்த மரத்தடியில் கழிக்கப் போகிறேன் என்று மரநாய் யாரிடமும் சொல்லிவிட்டுப் போவதில்லை. மழை பெய்தால் கரைந்துபோகும். விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஆள் விடிகாலையில் கிளம்பிக் குனிந்த தலை நிமிராமல் தேடினால் கையளவு கிடைக்கலாம். வெறுங்கையோடும் திரும்பலாம்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த ஒருவர் அன்பருக்கு எப்படிப் பதில் எழுதுவார்? 'மன்னிக்கவும், இந்த வருஷம் எங்கள் மலையில் நாலு கிலோதான் சேர்ந்தது, அதுவும் போன வாரமே தீர்ந்துவிட்டது' என்று எழுதுவார். அப்படி ஒரு பதில் வந்தால் அந்த ஆளை நம்பலாம். ஆனால் வருகிற பதில் வேறு: "எத்தனை டன் வேண்டும்? கப்பல் கூலி தனி."

இங்கேதான் மனச்சாட்சி முழுசாக விழித்துக்கொள்கிறது. ஆதாரம் உண்டா என்று கேட்கிறார். உண்டு. பொன்னிற முத்திரை குத்திய சான்றிதழ் வருகிறது. இலைச் சருகின் மேல் கொட்டைக் கட்டி கிடக்கும் படம் வருகிறது. வீடியோவும் வருகிறது: மரநாய் கிளையில் உட்கார்ந்து செக்கச் சிவந்த பழமாகத் தேர்ந்தெடுத்துத் தின்கிறது, நிமிர்ந்து அன்பரைப் பார்க்கிறது. ராத்திரியில் நடமாடி, ஆள் அரவம் கேட்டால் மறைந்துவிடுகிற பிராணி எந்த தைரியத்தில் பட்டப்பகலில் கேமராவுக்கு முன்னால் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடுகிறது? அன்பருக்கு அது தோன்றவில்லை. அதன் கண்ணில் தெரிந்த சுதந்திரத்தைப் பார்த்து நெகிழ்ந்து முன்பணம் அனுப்புகிறார்.

காட்டில் திரிகிற மரநாய் யாருக்காகவும் சாட்சி சொல்ல வராது. அது கழித்துவிட்டு எப்போதோ போய்விட்டது. சாட்சிக்கு ஒரு மரநாய் வேண்டுமென்றால் ஒன்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். படம் கேட்டால் ஒரு கூண்டு. வீடியோ கேட்டால் இன்னொரு கூண்டு. 'நேரில் வந்து பார்த்துத்தான் வாங்குவேன்' என்று அன்பர் விமானம் ஏறினால், அவர் வந்து இறங்குவதற்குள் வரிசையாகப் பத்துக் கூண்டு. அசல்தானா அசல்தானா என்று அவர் எவ்வளவு கறாராகக் கேட்கிறாரோ அவ்வளவு கம்பி அங்கே விற்பனையாகிறது. கேட்காமல் வாங்கியவன் ஒரு மரநாயை அடைத்தான் என்றால், கேட்டு வாங்கியவர் ரெண்டை அடைத்தார்.

கூண்டுச் சரக்கு கிலோ 100 டாலருக்கும் கிடைக்கும். அதையே காட்டுச் சரக்கு என்றால் 1,000 டாலரைத் தாண்டும். நடுவில் இருக்கிற அந்த 900 டாலர் தோட்டத்தில் விளைவதில்லை, அச்சுக்கூடத்தில் விளைகிறது. ஒட்டுவதற்கு ஒரு சீட்டு, அதில் ஒரு சொல். இவ்வளவு லாபம் தருகிற சொல்லை எந்த வியாபாரி அச்சடிக்காமல் இருப்பான்?

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாமே என்பவர்களும் உண்டு. ஒசாகா பல்கலைக்கழகத்தார் 2013-இல் சிட்ரிக் அமிலம் முதலான சில சேர்மங்களின் அளவை வைத்து லுவாக் காப்பியைச் சாதாரணக் காப்பியிலிருந்து பிரித்தறிய வழி சொன்னார்கள். நல்ல வேலை. கொட்டை மரநாயின் வயிற்றுக்குள் போய் வந்ததா என்று அது சொல்லும். அந்த வயிறு காட்டில் இருந்ததா, கம்பிக்குள் இருந்ததா என்பதற்குக் கொட்டையில் கையெழுத்து இல்லை. காப்பித் தோட்டங்களுக்குச் சான்று தரும் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற அமைப்புகள் காட்டு விலங்கைக் கூண்டில் அடைப்பதை ஏற்பதில்லை. லுவாக் காப்பிக்குச் சான்றளிக்க முன்வருவதும் இல்லை. அவர்களே கைவிரித்த பிறகு, அன்பருக்கு வந்த அந்தப் பொன்னிற முத்திரையைக் குத்தியது யார்? சரக்கை விற்றவர்தான். வேறு யார் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்வார்?

இதற்காக மேற்குச் சுமத்ராவிலோ லம்புங்கிலோ வீட்டுப் பின்கட்டில் கூண்டு வைத்திருக்கும் விவசாயியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. செய்வது கொடுமை, சந்தேகமில்லை. ஆனால் அவர் காப்பிக்கு விலை வைப்பது அவரல்ல. ரொபஸ்டாவுக்கு லண்டனில், அரபிகாவுக்கு நியூயார்க்கில், அவர் முகத்தையே பார்க்காதவர்கள் வைக்கிறார்கள். ஆச்சே மலையின் காயோ அரபிகா புவிசார் குறியீடு பெற்ற காப்பி. ஒரு குடும்பமே குனிந்து, நிமிர்ந்து, பழுத்ததாகப் பார்த்துக் கையால் பறித்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டு போனால் தரகர் உதட்டைப் பிதுக்குகிறார். அதே பழத்தை மரநாய் தேர்ந்தெடுத்தது என்றால் பத்து மடங்கு தருகிறார். மனுஷக் கைக்கு இல்லாத மதிப்பை மிருகத்தின் குடலுக்குக் கொடுத்தது யார்? கூண்டு வைத்தவரா, லண்டனிலும் சியோலிலும் சென்னையிலும் உட்கார்ந்து 'அபூர்வமாக ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டவரா?

இதில் கேலிக்கூத்து என்னவென்றால், மரநாய் நல்ல பழமாகப் பொறுக்கித் தின்னும் என்பதுதான் இந்தக் காப்பியின் ஒரே தகுதி. கூண்டில் அது எதைப் பொறுக்கும்? தட்டில் கொட்டியதைத் தின்னும். பச்சையோ, பழுத்ததோ, புழுத்ததோ, பசிக்குத் தின்னும். ஆக, விற்கும் காரணமும் போயிற்று. மிச்சம் இருப்பது மலம் மட்டும். அதற்கு 100 டாலர்.

மரநாயோடு நின்றதா? தாய்லாந்தில் யானைக்குக் காப்பிப் பழம் ஊட்டி லத்தியைக் கிளறுகிறார்கள். பிரேசிலில் ஜாக்கு என்ற பறவையின் எச்சத்தைப் பொறுக்குகிறார்கள். சிக்கமகளூரில் குரங்கு மென்று துப்பிய கொட்டைக்கும் கிராக்கி வந்தாயிற்று. எந்தப் பிராணியின் எந்தத் துவாரத்தையும் சந்தை விட்டுவைக்காது.

குடகுக்கும் இந்த வியாபாரம் 2017 வாக்கில் வந்தது. கிலோ 8,000 ரூபாய் என்று பத்திரிகைகள் வியந்து எழுதின. காட்டில் பொறுக்கியது என்றார்கள். இங்கே மரநாய் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற விலங்கு. அதைப் பிடிப்பதும் அடைப்பதும் குற்றம். அந்தச் சட்டம் உயிரோடு இருக்கும்வரை பயமும் கொஞ்சம் இருக்கும். ஆனால் சட்டத்தைவிடச் சுற்றுலா வேகமாக நடக்கும். எஸ்டேட் விடுதியில் தங்க வருகிறவர் காப்பியை ருசித்ததும் அடுத்து என்ன கேட்பார் என்பது பாலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: "அந்த மரநாயைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

பாலிக்கு வருவோம், ஏனென்றால் நம்மவர்கள் அங்கேதான் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஆஸ்திரேலியருக்கு அடுத்தபடி அங்கே இறங்குவது இந்தியர்கள்தான். தேனிலவு தம்பதி, அலுவலகக் கூட்டம், அறுபதாம் கல்யாணம் முடித்த அப்பா அம்மா. சென்னையிலிருந்தே நிரல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்: உபுட், குரங்குக் காடு, தெகலாலாங் வயல் அடுக்கு, கிண்டாமணி எரிமலை. நடுவே 'லுவாக் காப்பித் தோட்டம், அனுமதி இலவசம்'.

இலவசத்துக்கு எவனும் வண்டியை நிறுத்த மாட்டான். ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு. உள்ளே போனால் இஞ்சித் தேநீர், எலுமிச்சைப்புல் தேநீர், தேங்காய்க் காப்பி என்று சின்னச் சின்னக் கோப்பைகளில் சும்மா கிடைக்கும். லுவாக்குக்கு மட்டும் காசு, கோப்பை 50,000 ரூபியா அளவில். வாசல் பக்கம் கூண்டு. பகல் என்பதால் மரநாய் சுருண்டு கிடக்கும். குழந்தைகள் பார்க்க வேண்டுமே என்று கம்பியைத் தட்டி எழுப்புவார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து நிற்கும் அதோடு தம்பதி ஒரு படம். "இது சும்மா காட்சிக்கு வைத்தது, உங்கள் காப்பி முழுக்கக் காட்டிலிருந்து வந்தது" என்று வழிகாட்டி சொல்வார். சில இடங்களில் ராத்திரியில் திறந்துவிடுவதாகவும் சொல்வார்கள். இரவில் விட்ட காட்டு விலங்கு காலை ஒன்பது மணிக்கு அட்டெண்டன்ஸ் போட எப்படித் திரும்பி வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் காப்பி இறங்காது. கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கை அல்லவா நமது, பர்ஸைத் திறந்து நூறு கிராம் பெட்டி நாலு வாங்கும், ஒன்று மேலதிகாரிக்கு.

அடுத்த முறை அந்த நிரல் கையில் வந்தால் அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். ஓட்டுநருக்குக் கமிஷன் போய்விடுமே என்று வருத்தமாக இருந்தால் அந்தத் தொகையை நீங்களே அவர் கையில் கொடுத்துவிடலாம். அவருக்கும் அங்கே நிற்க வேண்டும் என்று வேண்டுதல் ஒன்றும் இல்லை. காப்பிதான் வேண்டும் என்றால் கிண்டாமணி மலைச்சரிவில் ஆட்கள் கையால் பறித்த அரபிகா இருக்கிறது, அதை நல்ல விலை கொடுத்து வாங்குங்கள்.

அதெல்லாம் முடியாது, லுவாக்கை ருசி பார்த்தே தீருவேன் என்றால் உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். நாற்காலியைக் கூண்டுக்கு எதிரே இழுத்துப் போட்டு, கம்பி மேல் நிற்கிற அதன் காலைப் பார்த்துக்கொண்டே கோப்பையைக் காலி செய்யுங்கள். காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். 'காட்டு' என்று எழுதின பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். கம்பிக்குள் நிற்கிற பிராணியிடம் காப்பியையும் வாங்கி, 'நான் நல்லவன்' என்ற சான்றிதழையும் சேர்த்து வாங்குவதற்கு நூறு கிராமுக்கு எத்தனை டாலர் கொடுத்தாலும் தகாது.